அந்த முப்பது பேர் எங்கே?

மேடையில் வீற்றிருக்கும் பயிற்சி மைய இயக்குநர் அவர்களே, கிளை மேலாளர்களே, சக ஆசிரியர்களே, முன்வரிசை விருந்தினர்களே, மறைந்த எங்கள் கணித ஆசிரியையின் கணவரே, மகளே, உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் மாலை வகுப்பு மாணவ மாணவியரே! எல்லோருக்கும் வணக்கம். மாலை வகுப்பைக் கடைசியில் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். எனக்குக் கொடுத்த தாளில் அவர்கள் பெயரே இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நான் பேச வேண்டியதையும் தட்டச்சு செய்தே கொடுத்திருக்கிறார்கள். 'கணிதக் கடல்', 'அன்பின் ஊற்று', 'என்றும் சிரித்த முகம்' என்று அதில் இருக்கிறது. சிரித்த முகமா? எங்கள் எக்ஸ் டீச்சருக்கா? கணக்கில் வரும் எக்ஸ்தான், மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர். ஆசிரியர் அறையில் பல வருடம் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவர் சிரித்ததைவிட முறைத்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் பேனாவை எடுத்தால் திருப்பித் தரமாட்டார். கேட்டால், "உங்க பேனாவுல கமாதான் வருது சார், எனக்கு எண் வரணும்" என்பார். நின்றபடியே சாப்பிடுவார். சாப்பிட்டபடியே திருத்துவார். யாராவது பொய் சொன்னால் அங்கேயே, அந்த நிமிடமே, பட்டென்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். இந்தப் பெண்மணியை நீங்கள் ஊற்று ஆக்குகிறீர்கள். இந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

நான் மொழிப்பாடம் நடத்துகிறவன். கணக்கு எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. 'கமா வாத்தியார்' என்று மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். கமா வாத்தியாராகவே இன்று பேசுகிறேன்.

பெரியோர்களே! என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பதாகையைக் கொஞ்சம் பாருங்கள். நடுவில் டீச்சரின் படம். படத்துக்கு மேலே 'நாற்பது விநாடி நாயகி' என்று ஒரு பட்டம். கீழே பச்சை அட்டை போட்ட சிறு புத்தகம். அதன் பெயர் 'எக்ஸ் டீச்சர் முறை: எடையிட்ட சராசரிக் கணக்குகளுக்கு நாற்பது விநாடியில் விடை'. இந்தப் புத்தகம் இன்று, இந்த இரங்கல் கூட்டத்தில், நான் பேசி முடித்ததும் வெளியிடப்படும். முதல் பிரதியைப் பெறப்போகிறவன் யார் தெரியுமா? நான்! உள்ளே நுழைந்து பதாகையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் சத்தமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கம் நேற்று வரை இருந்தது. இது கோபம்.

ஏன் கோபம்? இந்தப் புத்தகத்துக்குத் தன் பெயரைத் தர முடியாது என்று அவர் உயிரோடு இருந்தபோதே மறுத்தார். ஒருமுறை அல்ல, கேட்ட ஒவ்வொரு முறையும் மறுத்தார். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. காரியங்கள் முடிவதற்குள் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது! உயிரோடு இருந்தபோது ஒரு மனுஷி தராததை, அவர் போன பிறகு எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? மொழி வாத்தியாரான எனக்கு அதற்கு ஒரு சொல் தெரியும். அவருடைய மகள் முன்வரிசையில் இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

இதில் அப்படி என்ன இருக்கிறது, பெயர்தானே, மரியாதைதானே என்று விருந்தினர்கள் நினைக்கலாம். அவர் எதை மறுத்தார் என்பது புரிய வேண்டுமானால் ஒரே ஒரு கணக்கு தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

தகுதித் தேர்வில் வருடாவருடம் வருகிற கணக்கு இது. ஒரு பயிற்சி மையத்தில் நூறு பேர் படிக்கிறார்கள். காலை வகுப்பின் சராசரி மதிப்பெண் எண்பது. மாலை வகுப்பின் சராசரி அறுபது. நூறு பேருக்கும் சேர்த்துச் சராசரி அறுபத்து நான்கு. அப்படியானால் மாலை வகுப்பில் எத்தனை பேர்? இவ்வளவுதான். இதற்குத்தான் எடையிட்ட சராசரி என்று பெரிய பெயர். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, அந்தப் பக்கம் சராசரி சாயும்.

இதை எங்கள் எக்ஸ் டீச்சர் எப்படிப் போடச் சொல்வார்? முதலில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆமாம், கணக்கில் வாக்கியம்! 'எக்ஸ் என்பது மாலை வகுப்பு மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழுதாக எழுத வேண்டும். அது இல்லாமல் விடை மட்டும் எண்பது என்று எழுதிக் காட்டினால் சிவப்பு மையில் கேட்பார்: "எண்பது என்ன? எண்பது மாடா, எண்பது மாங்காயா?" ஒரு பையன் சுருக்கமாக 'எக்ஸ் = மாலை வகுப்பு' என்று எழுதிவிட்டான். அவன் தாளை என்னிடமே கொண்டுவந்து காட்டிப் பொரிந்தார். "பாருங்க சார், மாலை வகுப்பு ஒரு எண்ணா? மாலை வகுப்புன்னா மனுஷங்க. அவங்க எத்தனை பேருங்கறதுதான் எண். இதைக் குழப்பிக்கிட்டா அப்புறம் என்ன எழுதினாலும் விளங்காது!"

வாக்கியம் எழுதியாயிற்றா? பிறகு எல்லாம் தானாக வரும். மாலை வகுப்பில் எக்ஸ் பேர், ஆளுக்கு அறுபது. நூறில் எக்ஸ் போக மீதிப்பேர் காலை வகுப்பு, ஆளுக்கு எண்பது. இரண்டையும் கூட்டினால் நூறு பேருக்கு அறுபத்து நான்கு வீதம் ஆறாயிரத்து நானூறு. அதாவது அறுபது எக்ஸும், எட்டாயிரத்தில் எண்பது எக்ஸ் போக மீதியும் சேர்ந்து ஆறாயிரத்து நானூறு. இருபது எக்ஸ் என்பது ஆயிரத்து அறுநூறு. எக்ஸ் எண்பது. மாலை வகுப்பில் எண்பது பேர், காலை வகுப்பில் இருபது பேர். முடிந்ததா என்றால் முடியவில்லை. கடைசியில் விடையை ஒருமுறை முகத்துக்கு முகம் பார்க்கச் சொல்வார். அறுபத்து நான்கு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? அறுபதுக்கு. அப்படியானால் கூட்டம் அறுபதின் பக்கம்தான் இருக்க வேண்டும். இருக்கிறது. இப்போது பேனாவை மூடலாம்.

இந்தப் பச்சைப் புத்தகம் என்ன செய்கிறது? வாக்கியம் இல்லை, எக்ஸ் இல்லை. ஒரு பெருக்கல் குறி போட்டு மூலைக்கு ஒரு எண்ணை எழுதி, குறுக்கே கழித்து, வந்ததை எடுத்துக்கொள் என்கிறது. அது தப்பான வழி என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சமன்பாடு தெரிந்தவர் அவசரத்துக்கு அப்படிப் போடலாம் என்பார். தெரியாதவர் கையில் கொடுத்தால்? அவர் கொடுத்தார், என்னிடம். நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பெருக்கல் குறி போட்டுக் குறுக்கே கழித்துப் பார்த்தேன். பதினாறும் நான்கும் வந்தன, அதாவது நூறு பேரில் எண்பதும் இருபதும். எந்த எண் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாற்றிப் போட்டு, மாலை வகுப்பில் இருபது பேர் என்று பெருமையாக நீட்டினேன். "சார், எத்தனை விநாடியாச்சு?" என்றார். முப்பது இருக்கும் என்றேன். "அப்ப பத்து விநாடி மிச்சம். அதுல உக்காந்து அழுங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தேர்வு அறையில் இப்படி மாற்றிப் போட்டவர்கள் வெளியே வந்து சிரிக்கவில்லை. சென்ற ஆண்டு தேர்வில் இரண்டு கூட்டத்துக்குப் பதிலாக மூன்று கூட்டம் கொடுத்துவிட்டார்கள். பெருக்கல் குறிக்கு மூன்றாவது எண்ணை எங்கே வைப்பது? வாக்கியம் எழுதப் பழகியவர்கள் எப்போதும்போல் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். குறி போட்டவர்கள் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த முறையால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்களோ, அந்த முறைக்குத்தான் இப்போது எங்கள் டீச்சரின் பெயர்!

என்ன சார்? நேரமா? நாற்பது விநாடி தாண்டிவிட்டதா?

இயக்குநர் அவர்கள் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக முடிக்கவும்' என்று எழுதியிருக்கிறது. முற்றுப்புள்ளி இல்லை, நான் வைத்துக்கொள்கிறேன். சுருக்கமாக என்றால் எனக்குப் பழக்கமில்லை சார். எதையும் வெட்டி ஒட்டிக் குறுக்குவழியில் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் இரங்கல் கூட்டம் இது. முழுதாகவே சொல்கிறேன்.

அவையோரே! இப்போது நான் சொன்ன கணக்கு ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்த கணக்கு என்று நினைத்தீர்கள், இல்லையா? காலை வகுப்பில் இருபது, மாலை வகுப்பில் எண்பது. சராசரி எண்பது, அறுபது. இந்தக் கட்டடத்தின் கணக்கு அது. எங்கள் மையத்தின் மாதிரித் தேர்வு முடிவுதான் அது. போன தேர்வுப் பருவத்தில் தெருமுனையில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? 'எங்கள் மாணவர்களின் சராசரி மதிப்பெண் எழுபது!' என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பார்த்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே இயக்குநர் அறைக்கு வந்தார். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றிருந்தேன். அதனால் நடந்ததைக் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன்.

"சார், எழுபது எப்படி வந்துச்சு?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? காலை எண்பது, மாலை அறுபது. கூட்டி ரெண்டால வகுத்தா எழுபது. இதுல என்ன பொய் இருக்கு?"

டீச்சர் அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "சார், இது நாம முதல் நாள் வகுப்புல பண்ணக்கூடாதுன்னு சொல்லித் தர்ற தப்பு. கேள்வித்தாள் எடுக்கறவன் முதல் விடையாவே இதைத்தான் வச்சிருப்பான். அவசரக்காரன் விழட்டும்னு. நம்ம பலகையிலயே அதை எழுதி வச்சிருக்கோமே!"

"விளம்பரத்துக்கெல்லாம் எவன் டீச்சர் கணக்குப் போட்டுப் பாக்கப் போறான்?"

"நான் போட்டேனே சார். பஸ் ஸ்டாப்புல இருந்து இங்க வர்றதுக்குள்ள போட்டேன்."

அப்புறம் அந்த அறையில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போய் எழுத ஆரம்பித்தார். முதலில் வாக்கியம். எக்ஸ் என்பது மாலை வகுப்பு மாணவர்களின் எண்ணிக்கை. நூறு பேருக்கு எழுபது வீதம் என்றால் மொத்தம் ஏழாயிரம். அதே அறுபது, அதே எண்பது. இருபது எக்ஸ் என்பது ஆயிரம். எக்ஸ் ஐம்பது. திரும்பி நின்று கேட்டார்: "உங்க பலகை சொல்றது உண்மைன்னா மாலை வகுப்புல அம்பது பேர்தான் இருக்கணும். நான் தினமும் எண்பது பேருக்கு வருகை எடுக்கறேன். அந்த முப்பது பேர் எங்க சார்?"

என்ன பதில் வந்தது தெரியுமா? "டீச்சர், அது டார்கெட் எழுதற போர்டு. அழிச்சிடுங்க."

அந்த முப்பது பேர் எங்கே? அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. வகுப்பில் இருக்கிறார்கள், விளம்பரத்தில் இல்லை. கட்டணம் வாங்கிச் சேர்க்கும்போது இருந்தார்கள், சராசரியில் இல்லை. டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "உங்க கணக்குல காலை வகுப்புப் பையன் ஒருத்தன், மாலை வகுப்பு ஆளுங்க நாலு பேருக்குச் சமம் சார். பலகையில அதையும் எழுதிடுங்க, படிக்கறவங்க தெரிஞ்சுக்கட்டும்." நான் பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். சரிதான். இருபது பேருக்கும் எண்பது பேருக்கும் ஒரே எடை கொடுத்தால், ஒருவர் நான்கு பேருக்குச் சமம்தான்.

யார் அந்த நான்கு பேர்? திரும்பிப் பாருங்கள், கதவோரம்தான் நிற்கிறார்கள். பகல் முழுக்க மருந்துக் கடையில் நின்றவர். துணிக்கடையில் மடித்ததையே மடித்தவர். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு வந்தவர். தூங்குகிற குழந்தையை மாமியார் மடியில் போட்டுவிட்டு ஓடிவந்தவர். இவர்களுக்கு மதிப்பெண் அறுபது என்றால் அது எப்படிப்பட்ட அறுபது! கால் வலியோடு வாங்கிய அறுபது! அதை வெளியே சொல்ல உங்களுக்கு வெட்கம். எழுபது என்று சொல்ல வெட்கமில்லை!

விளம்பரப் பலகை மாறவில்லை. ஆள்தான் மாறினார். அடுத்த கால அட்டவணையில் மாலை வகுப்புக்கு டீச்சர் பெயர் இல்லை. ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் வினாத்தாள் தயாரிக்கும் வேலை கொடுத்தார்கள். மாலை வகுப்புக்கு ஒரு திரையும், அதில் ஓடும் வீடியோவும், கையில் இந்தப் பெருக்கல் குறித் தாள்களும் வந்தன. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? திரையைக் கேளுங்கள்!

எக்ஸ் டீச்சரா சும்மா இருப்பவர்? கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்தக் கடையின் ஷட்டரில் சாக்பீஸால் எழுதி, நடைபாதையில் நின்று வகுப்பு எடுத்தார். மாலை வகுப்பு முழுசும் வந்தது. முதல் திங்கட்கிழமை கடைக்காரர் படியேறி வந்து கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டீச்சர், ஷட்டர் பூரா கணக்கா கெடக்கு! ஒரு கஸ்டமர் நின்னு படிச்சிட்டு, இது தப்பு, சராசரி அறுபத்து நாலு இல்ல, எழுபதுன்னு சொல்லிட்டுப் போறாரு!" டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஷட்டரில் எழுதியதற்காக அல்ல. தான் எழுதியது தப்போ என்று! செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடிப்போய்ப் பார்த்தார். அவர் எழுதியது சரிதான். வந்தவர்தான் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார். மூச்சு வாங்கியபடி கடைக்காரரிடம், "அண்ணே, அவர் மறுபடி வந்தா மேல அனுப்புங்க, முதல் நாள் பாடம் நடத்தணும்" என்றார். கடைக்காரர் இங்கேதான் இருக்கிறார். அடுத்த வாரமே ஷட்டருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். வணக்கம் அண்ணே. இந்த மையம் டீச்சருக்குத் தராத கரும்பலகையை நீங்கள் தந்தீர்கள்.

அந்த நாட்களில்தான் புத்தகத்துக்குப் பெயர் கேட்டார்கள். பெயர் கொடுத்தால் மாலை வகுப்பைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். ஆசை இல்லாமலா இருக்கும் அவருக்கு? அந்த வகுப்புதான் அவருக்கு உயிர். ஆசிரியர் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொன்னார்: "வகுப்பைக் குடுத்துட்டு, வகுப்புல சொல்லக்கூடாததை என் பேர்ல சொல்லச் சொல்றாங்க சார். அதுக்கு நான் எதுக்கு?"

அவர் சாவுக்கு நீங்கள் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல வாய் துடிக்கிறது. சொன்னால் அவரே, "எதை வச்சு சொல்றீங்க சார்? எழுதிக் காட்டுங்க" என்று கேட்பார். எழுதிக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தது, போய்விட்டார். அவர் பெயரை எடுத்துக்கொண்டது யார் என்பதை மட்டும் எழுதிக் காட்டத் தேவையில்லை. பதாகையிலேயே இருக்கிறது.

எழுந்து நிற்கிறீர்களா சார்? நில்லுங்கள். மைக் இல்லாமல் பேசுவதால் பின்னால் கேட்காது. நான் சொல்கிறேன். இயக்குநர் என்ன சொல்கிறார் என்றால், "இது அதுக்கான இடம் இல்ல சார். குடும்பத்தோட ஒப்புதல் வாங்கித்தான் பண்ணியிருக்கோம். அவங்க வீட்டுக்காரர் கையெழுத்தே இருக்கு" என்கிறார்.

கையெழுத்தா?

தம்பி, கொஞ்சம் எழுந்திருங்க. சபையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இவர் டீச்சரின் கணவர். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். தம்பி, இங்க வாங்க. மைக்கைப் பிடிங்க. நீங்க சம்மதிச்சீங்களா? சம்மதிச்சிருந்தா சொல்லிடுங்க, நான் மன்னிப்புக் கேட்டுட்டு இறங்கிடறேன்.

"சார், எனக்குப் பேச வராது. நினைவு மலர் போடறோம், போட்டோ குடுங்க, ஒரு கையெழுத்துப் போடுங்கன்னாங்க. வீட்டுல சாவு விழுந்திருக்கு, போட்டேன். கணக்குப் புத்தகம்னு சொல்லல."

சொல்லுங்க தம்பி.

"அன்னிக்கு அவ வீட்டுக்கு வந்து சாப்பிடல. 'புத்தகத்துக்கு என் பேரைக் கேக்கறாங்க'ன்னு சொன்னா. குடுத்துட்டுப் போயேன், வகுப்புதான் திரும்பக் கெடைக்குதேன்னு நான்தான் சொன்னேன். அவ முடியாதுன்னுட்டா. ஏன்னு எனக்குப் புரியல, இப்ப சார் சொல்லித்தான் புரியுது. அவ குடுக்காததை நான் எப்படி சார் குடுக்க முடியும்? எடுத்துடுங்க. பேரை எடுத்துடுங்க."

கேட்டீர்களா? கடைசி வரிசை வரை கேட்டதா? அவர் கொடுக்காததைத் தன்னால் கொடுக்க முடியாது என்கிறார். இதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியத்தை என் பணிக்காலத்தில் நான் யாருக்கும் எழுதச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இயக்குநர் தலையாட்டுகிறார். அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறாராம். அடுத்த பதிப்பு இல்லை சார். இந்தக் கட்டுகள், இந்த மேடையில் இருக்கிற கட்டுகள், ஒன்றுகூட இந்தப் பெயரோடு வாசலைத் தாண்டாது. மேல் அட்டையைக் கிழித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முறைக்கு உங்கள் பெயர் இருப்பதுதானே நியாயம்? முதல் பிரதியை நான் வாங்கமாட்டேன். பதாகையையும் இறக்குங்கள். கடைக்காரர் அண்ணன் ஏற்கெனவே ஏணி எடுக்கப் போய்விட்டார்.

சரி. டீச்சரின் பெயர் திரும்பி வந்துவிட்டது. அதோடு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கதவோரம் நிற்கிற முகங்களைப் பார்க்கிறேன். கோபம் இறங்க மறுக்கிறது. இன்னொன்று கேட்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தை இந்த நேரத்தில் ஏன் வைத்தீர்கள்? காலை வகுப்பு இன்று நடந்தது. மணி அடித்து, வருகை எடுத்து, வழக்கம்போல் நடந்தது. மாதிரித் தேர்வுகூட வைத்தார்கள். அறிவிப்புப் பலகையில் 'துக்கத்தை முன்னிட்டு ரத்து' என்று போட்டது எதற்கு? மாலை வகுப்புக்கு மட்டும்! தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஒரு கணித ஆசிரியைக்கு அஞ்சலி செலுத்த ஒரு வகுப்பு போயே ஆக வேண்டுமென்றால், இருபது பேர் வகுப்பு போகக்கூடாது, எண்பது பேர் வகுப்பு போகலாம்! சாவிலும் அதே கணக்கு! அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே அதே கணக்கைப் போட்டிருக்கிறீர்கள்!

கூட்டத்துக்கு முன்னதாகவே வர வேண்டும், அரை நாள் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று கடையில் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார்கள் சார், புத்தகம் கையில் வைத்துக்கொண்டு. அழுவதற்கு மட்டும் வந்தவர்கள் புத்தகம் கொண்டுவருவார்களா?

என்னம்மா? சத்தமாகச் சொல். சபையோரே, இந்தப் பெண் போன வருடம் மாலை வகுப்பில் படித்துத் தேறியவர், மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். அவர் சொல்கிறார்: "சார், கணக்கு நான் போடறேன். டீச்சர் சொல்லிக்குடுத்தது எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க கூட வந்து எக்ஸ் வாக்கியத்தைப் பாத்துக்கங்க, தப்பா எழுதினா திட்டுங்க."

திட்டுவதற்கு நான் இருக்கிறேன் அம்மா. அதற்கு மட்டும் நான் தகுதியானவன். உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். தேர்வு நாள் வரை தினமும் மாலை வகுப்பு நடக்கும். ஓய்வு பெறும் வரை என் மாலைகள் அவர்களுக்கு. என்னை அட்டவணையிலிருந்து எடுத்தாலும் வருவேன். ஜெனரேட்டர் அறைக்கு அனுப்பினாலும் அங்கேயிருந்து வருவேன். எண்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுப்பேன். ஒருவர் குறைந்தாலும் உங்கள் அறைக்கு வந்து எங்கே என்று கேட்பேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. விருந்தினர்கள் செலுத்துங்கள், அமைதியாகச் செலுத்துங்கள். நாங்கள் மேலே போகிறோம். மாலை வகுப்பு நடக்கும் மாடி அறை பூட்டியிருக்கிறது என்று காவலாளி சொன்னார்.

சாவியைக் கொடுங்கள் சார்.